நெல் வயலைக் காய விடுதலும் மூளைக்காய்ச்சல் கொசுவும்

நன்செயில் நாற்று நட்ட நாள் முதல் அறுவடைக்குச் சில நாள் முன்வரை நீர் இடைவிடாது தேங்கி நிற்க வேண்டும் என்று எண்ணும் விவசாயிகள் இன்னும் பலர் உளர். நெல், தேங்கிய நீரைத் தாங்கக்கூடிய பயிரேயன்றி, எந்நாளும் அதில் நின்றே தீர வேண்டிய பயிர் அன்று. அவ்விதம் நிற்கும் நீரினால் கொசுவுக்கே அனுகூலம் அதிகம். அக்கொசுவினால் விளையும் தீங்கு வெறும் கடியோடும் தூக்கக் கேட்டோடும் நிற்பதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய வியாதியைக் குழந்தைகளுக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் நெல் வயலில் பிறக்கும் கொசுவே ஆகும்.

இவ்வியாதியின் வைரஸ் ஜப்பான் தேசத்தில் 1935-ம் வருஷத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவில் இது முதன்முதலாக அறியப்பட்டது 1955-ல், வேலூரில். பிறகு 1973-ல் மேற்கு வங்காளத்தில் பர்துவான், பாங்குரா ஜில்லாக்களிலும், 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரைச் சுற்றிலும் பரவியது. பின் கூறிய ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர் முதலிய நெல் விளையும் ஜில்லாக்களில் இந்நோய் கண்டதுண்டு. வைரஸ் புகுந்தவர்களில் மிகச் சிலருக்கே நோய் வெளிப்படும் என்பது உண்மை. ஆயினும் மூளை தாக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கம், வலிப்பு, புத்தி மந்தம் ஆகியவை நிலைத்துவிடும். இதைத் தீர்க்கும் மருந்து கிடையாது. கடுங்காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல் கண்ட குழந்தையை ஒரு வேளையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போதலே செய்யத்தக்கது.

வைரஸ் தங்கிப் பெருகும் இடங்கள் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளும் பன்றிகளுமாம். இவற்றைக் கடித்த கொசு பின்னர் மனிதரைக் கடிக்கும்போது நோய் ஏறுகிறது. மாட்டின் உடலில் இவ்வைரஸ் பெருகுவதில்லை. ஆனால் இக்கொசுவுக்கு மாட்டின் இரத்தத்தில் விருப்பம் மிகுதியாதலால், தொழுவத்தை ஒட்டிப் படுத்துறங்குவோரைச் சுற்றிலும் அது திரளாகக் கூடும். மாட்டுக் கொட்டகையைப் படுக்கும் இடத்திலிருந்து விலக்கி அமைப்பது உசிதம். இது அந்தி நேரத்திலும் இரவிலும் கடிப்பது. ஆகையால் குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தல் அவசியம்.

கியூலெக்ஸ் இனத்தைச் சேர்ந்த இக்கொசு, நட்டுச் சில நாளே ஆன வயலைத்தான் மிகவும் நாடும். அப்போது பயிர் குட்டையாக இருப்பதால் வெயில் நீரில் படுகிறது. பாசியும் நுண்ணுயிர்களும் பெருகிப் புழுவுக்கு உணவாகின்றன. பயிர் தூர் கட்டி நிழல் மூடியபின் புழுக்கள் குறைந்து விடுகின்றன. உஷ்ணமான காலத்தில் முட்டையிலிருந்து புழுவும் கூட்டுப்புழுவும் ஆகிக் கொசு பறப்பதற்கு ஏறக்குறைய ஒன்பது பத்து நாள் செல்லும். அந்நாட்களுக்குள் ஒரு முறை நீர் முற்றிலும் வற்றினால் அத்தலைமுறை முழுவதும் மடியும். காய விடுதலின் தத்துவம் இவ்வளவே.

இது புதிதாகப் புறப்பட்ட யோசனையும் அன்று. மேட்டூர் அணை 1934-ல் முடிவுற்றுப் பட்டுக்கோட்டைத் தாலூகாவுக்குக் கால்வாய்ப் பாசனம் வந்தபோது, கூடவே மலேரியாவும் வந்தது. அங்கு ஆராய்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல் என்னும் அமெரிக்கர், ஒழுங்கின்றி நடத்தப்படும் பாசனமே இதற்குக் காரணம் என்று 1938-ல் எழுதினார். அவரும் உடனுழைத்தோரும் நெல் வயலை இடையிடையே காய விடும் முறையைத் தென்னிந்தியாவில் பரீட்சித்து 1942-ல் விவரம் வெளியிட்டனர். மலேரியாக் கொசு வேறு, மூளைக்காய்ச்சல் கொசு வேறு. எனினும் இரண்டும் நீரில்லாமல் வளர இயலாதவை. நம் முன்னோர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வழங்கிய முறையும் இதனோடு ஒத்ததே.

நட்ட முதல் வாரத்தில் வேர் பிடிக்கும் வரை ஓர் அங்குல நீர் மெல்லிதாக நிற்கட்டும். அதன்பின் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இரண்டு அங்குலம் போதும். அந்நீர் வற்றி ஒரு நாள் சென்று, சேற்றில் மயிரிழை வெடிப்புக் காணும் சமயம் மறு பாய்ச்சல் விடலாம். வாரத்துக்கு ஒரு முறையேனும் வயல் இந்நிலையை அடைய வேண்டும். ஈரச் சேற்றில் புழு ஓரிரு நாள் உயிரோடிருக்குமாதலால், மேல் நீர் வடிந்ததும் உடனே பாய்ச்சி விடுதல் பயன் தராது. கதிர் உருவாகும் பருவம் முதல் பூத்து முடியும் வரை காய விடுதல் கூடாது, விளைச்சல் குறையும். அக்காலத்தில் நிழலின் காரணமாகக் கொசுவும் குறைவாதலால் நஷ்டமில்லை. உவர் நிலத்தில் இம்முறை ஏற்றதன்று. உப்பு மேலேறிப் பயிர் கருகும்.

காய விட்டால் களை மிகும் என்று விவசாயிகள் சொல்லும் ஆட்சேபம் நியாயமானதே. உருளும் களைக் கருவியை ஒரு முறை அதிகமாக ஓட்டத்தான் வேண்டும். அதனிலும் பெரிய தொந்தரவு, சமன் செய்யப்படாத வயலேயாம். பரம்பு சரியாக அடிக்காத நிலத்தில் மேடு காய்ந்து பிளந்திருக்கும்போதே பள்ளத்தில் முழங்கணுவளவு நீர் நிற்கும். அப்பள்ளமும், வரப்போரத்துக் காலடிக் குழிகளும் வயல் முழுவதற்கும் போதுமான கொசுவை உண்டாக்கிவிடும்.

மேலும் ஒரு மிராசுதார் மட்டும் வயலைக் காய விடுவதால் ஊருக்கு ஒரு பயனுமில்லை. கொசு வரப்பைத் தாண்டிப் பறப்பது. வாய்மடைக்காரர் நீரை வீணே தேக்கி வைத்திருக்க, கடைமடைக்காரர் நீரின்றித் தவிப்பது பல ஊர்களில் காணும் காட்சி. ஊராட்சித் தலைவரும் கிராம அதிகாரிகளும் ஆயக்கட்டுதாரர்களைக் கூட்டி, இன்ன மதகுக்கு இன்ன நாள் என்று முறை வகுத்து, நீர்க்கட்டி அதன்படியே நடக்கச் செய்தால் கடைமடைக்கு நீரும் எட்டும், வயல்களும் ஒருங்கே காயும். ஆயக்கட்டு முழுவதும் ஒரே மனமாக நடவாதவரை இதில் எதிர்பார்த்த பலன் கிட்டாது.

எருவிலும் கவனம் வேண்டும். யூரியாவை அள்ளி இறைத்த வயலில் புழுக்கள் மிகுகின்றன. மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990-க்குப் பின் சில ஆண்டுகள் செய்த பரீட்சைகளில், வேப்பம் பிண்ணாக்குச் சேர்ந்த யூரியாவும் நீர்க் கட்டுப்பாடும் கூடியபோது புழுக்கள் நன்கு குறைந்தன. யூரியாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து ஓரிரவு வைத்திருந்து, தவணை தவணையாக இடலாம். இது தழைச்சத்து வீணாவதையும் தடுக்கும். வேம்பெண்ணெய் பூசிய யூரியா கடையில் கிடைப்பதால் பிண்ணாக்கு வேண்டாம் என்று கருதலாகாது. அப்பூச்சு மிகச் சிறிதளவே. கொசுவுக்கென்று வயலில் பூச்சி மருந்து அடிப்பதோ முற்றிலும் தவறு. புழுக்களைத் தின்னும் தட்டான் குஞ்சுகளும் நீர் வண்டுகளும் முதலில் மடிய, கொசு சில நாட்களில் முன்னிலும் பெருகித் திரும்பும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வயல்களைக் காய வைத்தல் இயலாது. சம்பாப் பயிர்க்காரர் அக்காலத்தில் வடிகால்களைத் தூர் வாரி நீர் ஓடும்படி வைத்திருத்தலே செய்யக்கூடியது. பன்றி வளர்ப்போர் பட்டியைக் குடியிருப்புக்கு வெகு தூரத்தில் அமைக்குமாறு ஊராட்சியார் வற்புறுத்த வேண்டும். நோய் காணும் ஜில்லாக்களில் ஒன்பது மாதத்தில் ஒரு முறையும், பதினாறு மாதத்துக்கும் இருபத்து நான்கு மாதத்துக்கும் இடையே மற்றொரு முறையும் அரசாங்கத்தார் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகின்றனர். நடவுக் கூலிக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களின் குழந்தைகள் இக்கணக்கில் விடுபட்டுப் போவதுண்டு. அவர்களின் பெயர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிப்பது நடவு செய்விக்கும் நிலச்சொந்தக்காரரின் பொறுப்பாகும்.