மூழ்கிய மரங்களும் கோடை மீன்பிடிப்பும்

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கருமத்தம்பட்டியும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் மழை குறைந்த பகுதியைச் சேர்ந்தவை. இங்கே குளங்கள் நிரம்பி நிற்பது அரிது. நீர் நில்லாத குளத்தில் கருவேல மரங்கள் மண்டி வளர்வதோ எங்கும் காணும் காட்சி. 17-8-2024 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்டது. குளத்தில் நீர் நின்றால் மீன் வளர்க்கலாம். மீன்பாசி ஏலத்தால் பஞ்சாயத்துக்கு வருமானமும் உண்டு. ஆனால் நீருக்குள் மூழ்கிய மரங்களை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழுகிறது. வலையைக் கிழிக்கும் மரங்களை அடியோடு அகற்ற வேண்டும் என்பர் சிலர். மீனுக்கு அவை வீடு, தொடவே கூடாது என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் பாதி உண்மை உண்டு.

மீன் மரத்தை நாடுவது ஏன்?

முதற் காரணம் நிழல். சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தெளிந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான் கரையும். ஆகவே, நண்பகலில் மீன்கள் நிழலையும் ஆழத்தையும் தேடிச் செல்கின்றன.

இரண்டாவது காரணம் உணவு. நீரில் மூழ்கிய கட்டையின்மீது பாசி படரும். அதில் நுண்ணிய பூச்சிகள் குடியேறும். ரோகு போன்ற மீன்கள் இதை மேய்ந்து வளரும். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு ஏரிகளிலும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர்கள் மரக்கிளைகளைத் தாமே நீரில் நட்டு மீனைத் திரட்டுவது இதனாற்றான்.

மூன்றாவது காரணம் மறைவு. சிறு மீன் பகைக்கு அஞ்சி ஒளிகிறது. பெரு மீன் இரைக்காகப் பதுங்குகிறது. அமெரிக்காவில் தனியார் ஏரிகளில் தூண்டில் போடுவோர், கோடையில் பாஸ் என்னும் மீனை மூழ்கிய மரங்களின் அருகேதான் தேடுவர். நம் குளங்களில் அந்த இடத்தை வகிப்பது விரால். அது காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆதலால் மற்ற மீன்கள் தவிக்கும் கலங்கல் நீரிலும் அது பிழைத்திருக்கும்.

எதை வெட்டுவது, எதை விடுவது?

இலையும் சிறு கொம்பும் நீரில் விரைவில் அழுகும். அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை அவை உறிஞ்சிவிடும். பருத்த அடிமரம் மெதுவாகவே மக்கும்; அதனால் கெடுதி குறைவு. ஆகவே, குளம் வறண்டிருக்கும் காலத்திலேயே, உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்று, இலை தழைகளையும் முட்கொம்புகளையும் வெட்டிக் கரையேற்றிவிட வேண்டும். குளத்தின் பெரும்பகுதியை இழுவலை தடையின்றிச் செல்லுமாறு சுத்தம் செய்ய வேண்டும். ஆழமான ஒரு மூலையில் மட்டும் அடிமரங்களை விட்டு வைக்கலாம். ஆடு மாடுகள் நீர் அருந்த இறங்கும் துறைக்கும் மதகுக்கும் அருகில் ஒரு கட்டையும் இருத்தலாகாது.

பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் காய்ந்த அடிமரங்கள் சிலவற்றைக் கல் கட்டி ஓர் ஓரத்தில் அமிழ்த்தினால் போதும். குட்டை சிறிதாகையால் அளவு மிஞ்சலாகாது.

பிடிக்கும் முறை

பவானிசாகர் போன்ற நீர்த்தேக்கங்களில் அடியில் மரக்கட்டைகளும் பாறைகளும் இருக்குமிடத்தில் இழுவலை பயன்படாது. அங்கே பரிசலில் சென்று செவுள் வலையை விரிப்பதே ஏற்ற முறை. நம் குளங்களுக்கும் இதுவே பொருந்தும். வலையை மரங்களுக்கு நடுவே போடாமல், மரத்தொகுதியின் வெளி ஓரமாக விரிக்க வேண்டும். மாலையில் விரித்து விடியலில் எடுத்தால், இரை தேடி வெளியே வரும் மீன் தானாக வந்து சிக்கும். விராலுக்குத் தூண்டில் சிறந்தது. மண்புழுவோ சிறு மீனோ கோத்து, காலையிலும் அந்தியிலும் மரநிழலின் விளிம்பில் போடலாம்.

வலை கட்டையில் மாட்டிக்கொண்டால் அதை விடுவிக்க எவரும் நீரில் மூழ்கக் கூடாது. முள்ளிலும் வலையிலும் கால் சிக்கினால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரையேற இயலாது. வலையை அறுத்து விடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

கோடையில் கவனிக்க வேண்டியவை

விடியலுக்குச் சற்று முன்னரே நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அவ்வேளையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது அபாய அறிவிப்பு. அன்றே பெரிய மீன்களைப் பிடித்து விற்று எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். தாமதித்தால் ஒரே இரவில் எல்லாம் செத்து மிதக்கும்.

விராலைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. அது மற்ற மீன்குஞ்சுகளைத் தின்னும். ஆகவே விரால் உள்ள குளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சுகளையே விட வேண்டும். மழை தொடங்கியதும் அது குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதக்கும் இடத்தில் தாய் மீனும் தந்தை மீனும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் அந்தத் திரள் முழுவதும் அழியும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதைக் குளத்தில் விடவே கூடாது.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் தடுக்கிறது. இத்தகைய நீரைக் குடிக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு நேரும்.

பஞ்சாயத்தின் கடமை

குத்தகை முடியும் தறுவாயில், கட்டைகளுக்கிடையே ஒளிந்த மீனையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்று எஞ்சிய நீரை இறைத்து வெளியேற்றும் எண்ணம் சிலருக்கு உண்டாகலாம். அது பெரும் நஷ்டம். சுற்றுக் கிணறுகளின் ஊற்றும், கால்நடைகளின் குடிநீரும், அடுத்த பருவத்துக்கான தாய் மீன்களும் அந்த நீரை நம்பியே உள்ளன. மீனுக்குக் கிடைக்கும் குத்தகைப் பணம் ஒருவரிடமிருந்து வருவது. குளத்து நீரோ ஊருக்கு உரியது.

ஆதலால் ஏல நிபந்தனைகளில் மூன்றைத் தெளிவாக எழுத வேண்டும். முதலாவது, குறித்த மட்டத்துக்குக் கீழே நீரை இறைக்கலாகாது. இரண்டாவது, மரங்கள் விடப்பட்ட மூலையில் நீர் அம்மட்டத்தை அடைந்தபின் மீன் பிடிக்கலாகாது. மூன்றாவது, வெடியும் நஞ்சும் கையாண்டால் குத்தகை ரத்தாகும். நீர் மட்டத்தைக் காட்ட மதகருகே ஓர் அளவுகல் நட்டுவிட்டால் வழக்குக்கு இடமில்லை.

மே 1-ஆம் தேதி கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற வேளை. குளத்தில் நீர் குறைந்து கட்டைகள் வெளியே தெரியும் காலம் அது. அங்கத்தினர்கள் மீன்வளத்துறையினரையும் அழைத்துக்கொண்டு குளக்கரைக்குச் சென்று, எந்த மரத்தை அகற்றுவது, எதை விடுவது என்று நேரில் கண்டு அடையாளமிட வேண்டும். அடுத்த மழைக்கு முன் இவ்வேலை முடிந்தால், வரும் கோடையில் வலையும் கிழியாது, மீனும் மிஞ்சும், ஊருக்கு நீரும் நிற்கும்.