பின்னலின் கடைசி முடிச்சு

மருந்தியல் படிக்கத் தொடங்கியிருக்கும் இளம் மாணவிக்கு,

பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்யும் வழக்கம் வகுப்பறைகளில் நெடுநாளாக இருந்துவருகிறது. ஆயினும் அந்தச் சுவர் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால், கட்டுமானத்தின் எந்தக் கட்டத்தில் மருந்து குறுக்கிடுகிறது என்பதே அதன் வகையையும் பயனையும், அது பலிக்காமற் போகும் இடத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

சுவரின் முதன்மைப் பொருள் பெப்டிடோகிளைக்கான். அதில் இருவகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகள் தறியின் பாவுபோல ஓட, அவற்றிலிருந்து கிளைக்கும் சிறு அமினோ அமிலச் சங்கிலிகள் ஊடைபோல அண்டை இழைகளைப் பிணைக்கின்றன. புதிய சங்கிலி ஒவ்வொன்றின் நுனியிலும் டி-அலனைன் என்னும் அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி கடைசி அலனைனைக் கழற்றிவிட்டு, எஞ்சிய முனையை அடுத்த இழையின் சங்கிலியோடு முடிச்சிடுகிறது. பென்சிலினின் உருவம் அந்த இரட்டை அலனைனை ஒத்திருப்பதால் நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்கிறது என்று 1965-இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் விளக்கினர். பற்றியதும் பென்சிலினின் பீட்டா-லாக்டம் வளையம், அதாவது நான்கு அணுக்களாலான சிறு சதுரம், திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. வளரும் பாக்டீரியா தன் சுவரை ஆங்காங்கே தானே வெட்டி விரிப்பதால், வெட்டிய இடம் மூடப்படாமல் நீர் உட்புகுந்து அது வெடித்துவிடுகிறது; வளராமல் முடங்கிக் கிடக்கும் பாக்டீரியாவிடம் இம்மருந்துக்கு வலிமை குறைவு.

இந்த வளையத்தை உடைய பென்சிலின்கள், செஃபலோஸ்போரின்கள், கார்பபெனெம்கள், மோனோபாக்டம்கள் ஆகியன ஒரே குடும்பம். செஃபலோஸ்போரின்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரிப்பது வசதிதான், ஆனால் அச்சொல் சற்று ஏமாற்றும்: பிந்திய தலைமுறை எல்லாவற்றிலும் மேலானது அன்று. அறுவை சிகிச்சைக்கு முன் தோல்வழித் தொற்றைத் தடுக்க முதல் தலைமுறைச் செஃபசோலினே இன்றும் விரும்பப்படுகிறது. மூளை உறை அழற்சிக்கு மூன்றாம் தலைமுறைச் செஃப்ட்ரியாக்சோன் தேவைப்படுகிறது.

வளையத்தையே அறுக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. பென்சிலின் மருத்துவமனைகளில் பரவுவதற்கு முன்பே, 1940-இல், ஆபிரகாமும் செயினும் அதைக் கண்டறிந்து வெளியிட்டிருந்தனர். மருந்துக்கடையில் ‘625’ என்றே கேட்டு வாங்கப்படும் மாத்திரையில் இதற்கான மாற்று ஏற்பாடு உள்ளது: அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். பின்னது பாக்டீரியாவைக் கொல்வதில் மிகப் பலவீனமானது. அறுக்கும் நொதிக்குத் தன்னைப் பலிகொடுத்து அமாக்சிசிலினைக் காப்பதே அதன் வேலை. ஆனால் மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளையத்தை அறுப்பதோடு நில்லாமல், பென்சிலின் எளிதில் பற்றாத வேறொரு முடிச்சு நொதியை வைத்திருப்பதால் அங்கே 625 உதவாது.

அத்தகைய இடத்துக்கு உரியது வான்கோமைசின். இது நொதியைத் தொடுவதில்லை. இரட்டை அலனைன் முனையையே கவ்வி மூடிவிடுகிறது. மூலக்கூறு பெரிது என்பதால் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கடக்காது, குடலிலிருந்து இரத்தத்திலும் சேராது. ஆகவே சிரைவழியே செலுத்தப்படுகிறது. குடலிலேயே தங்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் தொற்றுக்கு மட்டும், அதே குறையே நன்மையாகி, வாய்வழி கொடுக்கப்படுகிறது. கடைசி அலனைனுக்குப் பதில் லாக்டேட்டை வைத்துக்கொள்ளும் என்டரோகாக்கஸ்களிடம் இதன் பிடியும் நழுவுகிறது.

முடிச்சு வரை காத்திராமல் செல்லுக்குள்ளேயே மூலப்பொருள் தயாரிப்பை நிறுத்துவனவும் உண்டு. ஃபாஸ்ஃபோமைசின் அதன் தொடக்கப் படியைத் தடுக்கிறது. சிக்கலற்ற சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 கிராம் ஒரே வேளை போதும். காசநோயில் மருந்தெதிர்ப்பு தோன்றும்போது பயன்படும் சைக்ளோசெரின் இரட்டை அலனைன் உருவாவதையே தடுக்கிறது.

நிமோனியாவை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே கிடையாது; அங்கே மேற்சொன்ன மருந்துகளில் ஒன்றுக்கும் வேலையில்லாததால், மருத்துவர் அசித்ரோமைசினையோ டாக்சிசைக்ளினையோ எழுதுகிறார்.