ஒற்றை பிளேடில் சவரம்: புதிதாகத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

சவரம் செய்த பின் முகம் எரிந்தால் பலரும் அடுத்ததாகச் செய்வது, இன்னும் விலை கூடிய ரேசரை வாங்குவதுதான். இரண்டு பிளேடு மூன்றாகும், மூன்று ஐந்தாகும். எரிச்சல் மட்டும் குறையாது. காய்ந்த முடி, நீர்த்த நுரை, அழுத்தும் கை: பெரும்பாலான எரிச்சலுக்கு இந்த மூன்றும்தான் காரணம். இவற்றைச் சரிசெய்துவிட்டால், பழைய ‘ஷேவிங் செட்’ என்று வீடுகளில் சொல்லப்படும் இருமுனை பிளேடு ரேசரே போதும். சவரமும் சுத்தமாக இருக்கும், செலவும் குறையும்.

ஏன் ஒற்றை பிளேடு?

ஜில்லெட் நிறுவனம் 1971-இல் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும்; அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். ஆனால் சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முனை வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். கழுத்தில் சிவந்த கொப்புளங்கள் வருவது பெரும்பாலும் இதனால்தான். ஒற்றை பிளேடு முடியைத் தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்திவிடும்.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே நிறுவனம் 2002-இல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசரை வடிவமைத்தபோது, அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இங்கே விற்பனைக்கு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே எத்தனையோ பேர் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறார்கள். பிளேடு இடுக்கில் அடைத்த முடி அந்தத் தண்ணீரில் போகவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2010-இல் அவர்கள் 15 ரூபாய்க்கு விட்ட ‘கார்ட்’ ரேசரில் இருந்தது ஒரே ஒரு பிளேடுதான். சொம்புத் தண்ணீரில் முக்கி ஒரு ஆட்டு ஆட்டினால் சுத்தமாகிவிடும் எந்த ரேசரும் நமக்குத் தோதானதே.

ரேசரைத் தேர்ந்தெடுப்பது

தோல் வாரில் தீட்டிப் பயன்படுத்தும் மடக்குக் கத்தி அழகான கருவி. ஆனால் அதைத் தீட்டக் கற்பதே தனி வித்தை. தொடக்கத்தில் அது வேண்டாம். சலூன்களில் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகிப் பயன்படுத்தும் கத்திக்கும் இதே பதில்தான். அது பிறர் முகத்தில் வேலை செய்து பழகிய கைக்கு உரியது.

உங்களுக்கு வேண்டியது இருமுனை பிளேடு போடும் சேஃப்டி ரேசர். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் இதற்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கூராக்கும் இயந்திரத்தை உருவாக்கிக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். அந்த ஏற்பாட்டின் பெரிய வசதியை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்: எந்த நிறுவனத்தின் இருமுனை பிளேடும் ஏறக்குறைய எல்லா இருமுனை ரேசரிலும் பொருந்தும். கைப்பிடியை ஒருவரிடம் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க அவரிடமே பிளேடு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பிளேடுக்குக் கீழே இருக்கும் காப்புப் பட்டை. சீப்புப் பல் போல இடைவெளி விட்டது அடர்ந்த தாடிக்கு நல்லது. பல் இல்லாத நேர்பட்டை தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பு. நேர்பட்டையை எடுங்கள். இரண்டாவது, எடை. ரேசரின் எடையே வெட்ட வேண்டும், கையின் அழுத்தம் அல்ல. எண்பது கிராமை ஒட்டிய எடை கைக்கு அடங்கும். பிளாஸ்டிக் கைப்பிடி மிக இலேசாக இருப்பதால் அழுத்தத் தூண்டும். மூன்றாவது, உலோகம். சந்தையில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் குரோம் பூசியவை. பூச்சு நன்றாக இருக்கும்வரை கவலையில்லை. ஒரு கீறல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து அரித்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் முடிந்தால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்கலாம்.

அடியில் குமிழைத் திருகினால் மேலே இரண்டு கதவுகளாகத் திறக்கும் வகையும் உண்டு. வசதியானதுதான், ஆனால் தலை, தட்டு, கைப்பிடி என மூன்றாகக் கழன்று வருவதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. என் வோட்டு மூன்று துண்டுக்கே.

பிளேடு

முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விடை சொன்னார்கள். முனை சீராகத் தேய்வதில்லை. முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் சின்னச் சின்னச் சில்லுகள் பெயர்கின்றன. சில்லு பெயர்ந்த முனையில் முடி இழுபட்டால் முகம் வலிக்கும். ஆகவே நான்கைந்து சவரத்துக்கு ஒரு முறை பிளேடை மாற்றுங்கள். ‘இன்னும் ஒரு நாள் ஓட்டலாம்’ என்று மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஒருவருக்கு வழுக்கிச் செல்லும் பிளேடு இன்னொருவருக்குப் பிராண்டும். டோபாஸ், செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ் எனப் பலவற்றிலும் சின்ன பாக்கெட் ஒன்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரமாவது போட்டுப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது. கை பழகிய பிறகு எடுங்கள். பிளேடைப் போடும்போது வெட்டாத குறுகிய ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

முடியை ஊறவைப்பது

காய்ந்த முடி முரடு. தண்ணீரை உறிஞ்சிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. இரண்டு மூன்று நிமிடம் போதும். குளித்து முடித்ததும் சவரம் செய்வது எல்லாவற்றையும்விட எளிய வழி. அதற்கு நேரமில்லை என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் நுரையை அடக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

நுரை

இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான். டப்பாவை அழுத்தினால் வரும் நுரையில் காற்றுதான் அதிகம். முடியை நனைத்து வைத்திருக்க அதில் நீர் போதாது. வட்ட சோப்போ டியூப் கிரீமோ எதுவானாலும் சரி, பிரஷ்ஷில் அடித்து எடுப்பதே மேல். பிரஷ் விஷயத்தில் செயற்கை இழையைச் சொல்வேன். காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊர்களில் அது சீக்கிரம் காயும், வாடை வராது, எந்த விலங்கின் முடியும் தேவையில்லை.

பிரஷ்ஷை நனைத்து உதறிவிட்டு சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பிறகு முகத்திலேயே வட்டமாகத் தேய்த்தபடி, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். முதலில் பசை போலிருக்கும். நீர் சேரச் சேரப் பளபளக்கும். குமிழிகள் கண்ணுக்குத் தெரிந்தால் நீர் கூடிவிட்டது; இழுக்கும்போது வறண்டு நின்றால் இன்னும் நீர் வேண்டும். தயிரின் கட்டியும் வழவழப்பும் சேர்ந்த பதம் வந்ததும் நிறுத்துங்கள்.

எவ்வளவு அடித்தும் நுரையே வரவில்லை என்றால் சோப்பைக் குறை சொல்லாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். வாளியில் வெள்ளையாகப் படிவது அதுதான். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை அன்றே பார்ப்பீர்கள்.

முடி எந்தப் பக்கம் வளர்கிறது?

தொடங்கும் முன் இரண்டு நாள் தாடியை விட்டு, நான்கு திசையிலும் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அது வளரும் திசை, சொரசொரத்தால் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் அப்படிச் சொல்ல முடியாது: சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்கு ஒரே கழுத்தில் இரண்டு சுழி. கழுத்தில் மட்டும் எரிகிறது என்பவர்கள் அங்கே தெரியாமல் எதிர்த்திசையில் மழிக்கிறார்கள் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

கோணமும் கையும்

ரேசரின் தலையைக் கன்னத்தில் படுக்கையாக வைத்து, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். பிளேடு அப்போது தோலைத் தொடாது. இப்போது கைப்பிடியை மெல்ல மெல்லத் தாழ்த்திக்கொண்டே சற்று நகர்த்திப் பாருங்கள். முடி அறுபடும் சன்னமான ஓசை எங்கே கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே சுமார் முப்பது பாகைக் கோணம். அந்த ஓசையைக் கேட்டுப் பழகுவதற்காகவே ரேடியோவை அணைத்துவிட்டுத் தொடங்கலாம்.

கைப்பிடியின் அடிப்பாகத்தை இரண்டு விரலும் கட்டைவிரலும் மட்டும் பற்றட்டும். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்கட்டும். ஒவ்வொரு இழுப்பும் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையிலிருந்து நகர்த்துங்கள்; மணிக்கட்டு மடங்கினால் கோணம் மாறும், கோணம் மாறினால் கீறும். தாடை எலும்பின் மேல் இருக்கும் தோலைக் கழுத்துப் பக்கமோ கன்னப் பக்கமோ நகர்த்தி, சமதளத்தில் வைத்து மழியுங்கள். மேலுதட்டில் மூக்கு நுனியைச் சற்றுத் தூக்கிக்கொண்டால் இடம் கிடைக்கும்.

முதல் வாரம் முழுக்க முடி வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று. கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருந்தால் இருக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி நுரை பூசி, குறுக்குவாட்டில் இரண்டாவது சுற்று. நுரை போன இடத்தில் பிளேடு படவே கூடாது. எதிர்த்திசைச் சுற்று பலருக்கு ஒருபோதும் தேவைப்படாது. சுருள் முடிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முடித்த பின்

குளிர்ந்த நீரில் கழுவி, ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேயுங்கள். அது தோலைச் சுருக்கி, சிறு கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்தும். நல்ல ஆசானும் அதுவே: எந்த இடத்தில் சுரீரென்கிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். நாளை அந்த இடத்தில் கையை இலேசாக்குங்கள். அரை நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, ஆல்கஹால் இல்லாத ஈரப்பதக் கிரீம் ஏதாவது பூசலாம். கொப்புளம் சீழ் வைத்தாலோ வாரக்கணக்கில் ஆறாவிட்டாலோ சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ரேசரைத் துண்டால் துடைக்காதீர்கள். முனையும் கெடும், துண்டும் கிழியும். அலசி உதறி வைத்தால் போதும். பிரஷ்ஷையும் அலசி உதறிவிட்டு, இழை கீழ்நோக்கித் தொங்குமாறு காயவிடுங்கள். அப்பா, மகன், அண்ணன், தம்பி யாராக இருந்தாலும் பிளேடு அவரவருக்குத் தனி. ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் பரவும்.

பழைய பிளேடை எங்கே போடுவது?

குப்பைக் கூடையில் அப்படியே போடக் கூடாது. அதை வெறுங்கையால் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் விரல் அறுபடும். மூடியுள்ள ஒரு தகரடப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குப் பிளவு போட்டு, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். ஒருவர் பயன்பாட்டில் அது நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். நிரம்பியதும் பிளவை டேப்பால் நன்றாக ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள்.