குரல் உடைகிறது, யூடியூப் ஓடுகிறது: ஏன்?

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசும்போது குரல் உடைந்து உடைந்து வருகிறது, முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. கோலை வைத்துவிட்டு அதே போனில் யூடியூப் பார்த்தால் தடங்கலே இல்லை. கோளாறு எங்கே?
– வாசகி, மருதமுனை

பதில்: இணையத்தில் குரல் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. போன் அதைப் பொதுவாக 20 மில்லி செக்கன் துண்டுகளாக நறுக்கி, சுருக்கி, ஒவ்வொன்றையும் தனிப் பொதியாக அனுப்புகிறது. செக்கனுக்கு 50 பொதிகள். செக்கனுக்கு 24,000 பிட் அளவுக்குச் சுருக்கினால், ஒரு பொதியில் பேச்சு வெறும் 60 பைட். முகவரி, வரிசை எண், நேரக் குறிப்பு எல்லாம் சேர்ந்து இன்னும் 40 பைட். மகன் "உம்மா" என்று அரைச் செக்கன் அழைத்தால், அந்த ஒரு சொல் 25 பொதிகளாகக் கடல் தாண்டுகிறது.

அவை எப்போதும் புறப்பட்ட ஒழுங்கிலேயே வந்து சேர்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று வழியில் தொலையும். 1996இல் வெளியான, நேரடி ஒலியையும் படத்தையும் அனுப்புவதற்கான ஆர்டிபி (RTP) நெறிமுறை வரிசை எண்ணும் நேரக் குறிப்பும் இட வகை செய்தது இதற்காகத்தான். வாங்கும் போன் பொதிகளைச் சிறிது நேரம் நிறுத்தி, அடுக்கி, பிறகு ஒலிக்கவிடும். ஆனால் அதிகம் காத்திருக்க முடியாது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செக்கனைத் தாண்டத் தாண்ட இருவர் பேச்சும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். எனவே பிந்திய பொதி வந்தும் பயனில்லை, அது கைவிடப்படுகிறது. அதுவே காதில் விழும் உடைவு.

படத்தின் பாடு இன்னும் மோசம். முழுப்படம் எப்போதாவதுதான் போகும்; இடையில் முந்திய படத்திலிருந்து மாறியது மட்டுமே போகும். அந்த மாற்றத்தில் ஒரு பகுதி தொலைந்தால் அடுத்த படங்களும் பிழையாகும், முகம் கட்டங்களாகும்.

யூடியூப் படமோ முன்பே முடிந்து சேவையகத்தில் கிடக்கிறது. போன் பல செக்கன்களுக்கு உரியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் உண்டு. லைன் தளர்ந்தால் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். மகன் இன்னும் பேசாத சொல்லை எந்தப் போனாலும் முன்கூட்டி இறக்க முடியாது. 2020 கொரோனா முடக்க காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் தங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பு வழியாக ஸூமில் விரிவுரை நடத்தியபோதும் இதே வேறுபாடுதான்: நேரடி வகுப்பில் தவறிய சொல் தவறியதுதான், பதிவை இறக்கிப் பார்ப்பவருக்கு அது முழுதாகக் கிடைக்கும்.

தூரத்தின் மீது பழி போட வேண்டாம். தோஹாவுக்கும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்முனைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர்; கண்ணாடி இழையில் ஒளி அவ்வளவு தூரத்தை 20 மில்லி செக்கனுக்குள் கடக்கும். கேபிள் சுற்றிப் போனாலும் தாங்கக்கூடிய தாமதமே. பெரும்பாலும் சிக்கல் இரு முனைகளில் இருக்கிறது: சுவர்களுக்கு அப்பால் இருக்கும் வைஃபை, பெருநாள் காலையில் ஊரே ஒரே நேரத்தில் கோல் எடுக்கும்போது நெரியும் டவர், மகனின் அறையில் பலர் பங்கிடும் ஒரே இணைப்பு. வீட்டில் ஒருவர் நீண்ட வீடியோவை அப்லோட் செய்தாலும் குரல் பொதிகள் ரவுட்டர் வரிசையில் பின்னால் நின்றுவிடும்.

முதலில் அப்லோடை நிறுத்தி, ரவுட்டருக்குப் பக்கத்தில் வந்து பேசிப் பார்க்கலாம். அப்போதும் உடைந்தால் கெமராவை மட்டும் அணைக்க வேண்டும். வீடியோ தின்னும் அளவில் சிறு பங்கே குரலுக்குப் போதும், அது தெளிந்துவிடும்.