கண்காட்சிச் செடியும் அதன் பெயர்ச்சீட்டும்

மலர்க் கண்காட்சி என்றதும் கண்ணைக் கவரும் வண்ண மலர்களே நம் நினைவுக்கு வரும். உதகையில் 1848-இல் உருவான தாவரவியல் பூங்கா கோடை மலர்க் கண்காட்சிக்குப் புகழ் பெற்றது. அங்கு முதல் கண்காட்சி 1896-இல் நடைபெற்றது. ஆயினும் இத்தகைய காட்சிகளின் நோக்கம் அழகு மட்டுமன்று. அறிவை வளர்ப்பதும் ஆகும்.

செடி வளர்ப்போர் சங்கங்கள்

செடிகளில் ஆர்வமுள்ளோர் சங்கமாகக் கூடுவது பழைய வழக்கம். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இலேயே தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் கள்ளிச் செடிகளுக்கென ஒரு சங்கமும், பெரணிகளுக்கென மற்றொரு சங்கமும் உள்ளன. இத்தகைய சங்கத்தினர் தாம் வளர்த்த செடிகளைக் கண்காட்சியில் வைப்பர். உயரமானவை பின்வரிசையிலும் குட்டையானவை முன்வரிசையிலும் நிற்கும். காய்ந்த இலைகள் நீக்கப்பட்டு, தொட்டிகள் துடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செடியின் முன்பும் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும்.

பெயர்ச்சீட்டு ஏன்?

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு தாவரத்திற்கும் இரு சொற்களாலான பெயரை வழங்கினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல்லுடன் சேர்ந்த முழுப்பெயர் சிற்றினத்தையும் குறிக்கும்.

இதன் பயனை நம் வயல் வரப்பிலேயே காணலாம். கரிசலாங்கண்ணி என்று நாம் அழைப்பது ஒரு செடியன்று. வெள்ளைப் பூப் பூப்பது எக்லிப்டா பேரினத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூப் பூப்பதோ வெடிலியா என்ற பெயரில் அறியப்படுவது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தவையே எனினும் வெவ்வேறு செடிகள். மருந்துக்குப் பச்சிலை பறிப்பவர் ஆள் மாறாட்டம் போலச் செடி மாறிப் பறித்தால் என்னாகும்? வீட்டு முற்றத்தில் அழகாகப் பூக்கும் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. அதையும் பெயர்ச்சீட்டில் எழுதினால் ஓர் உயிரைக்கூடக் காக்கலாம் அல்லவா?

நாம் செய்யக்கூடியது

மகாராஜபுரத்து மாணவியராகிய நாம் அரிய மலர்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. துளசி, நொச்சி, ஆடாதோடை, கற்றாழை ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்த்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாம். சீட்டில் ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், பயன், எச்சரிக்கை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பெயர்களை அறிவியல் ஆசிரியையிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே எழுதுவோம்.

ஒன்றை மறவாதிருப்போம். நமக்கு மேற்கே உள்ள மலைக்காடுகள் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காட்சிக்காக அங்கிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வருவதும் குற்றமே. பிடுங்கிய செடி பெரும்பாலும் வாடிப்போகும். காட்டிலும் ஒன்று குறையும். விதையிட்டோ, பதியம் போட்டோ, தண்ணீர் ஊற்றி நாமே வளர்த்த செடியே காட்சிக்கு உரியது. அதன் வரலாற்றைக் கேட்போருக்குச் சொல்ல நம்மால் இயலும். பரிசு கிட்டினும் கிட்டாவிடினும், அந்த அறிவு என்றும் நம்முடையது.