வீட்டு முற்றத்தில் டர்போ கார் – ஒரு செய்முறைப் பாடம்



பொங்கல் விழாவன்று, பழைய டீசல் கார் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். "வண்டி முன்போல இழுப்பதில்லை. டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?" நான் கார் மெக்கானிக் அல்லன், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஆயினும், வல்லார்பாடத்தில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் நானும் என் மகனும் கற்றுக்கொண்டது பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பாலத்தில் நின்ற மூச்சு

எங்களுடையது 2009-ஆம் ஆண்டு வண்டி, 1.3 லிட்டர் டீசல் டர்போ. ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சி.சி. இன்ஜின். 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்து நம் நாட்டில் பெயர்பெற்றதும், பிறகு வேறு பல நிறுவன வண்டிகளில் ஓடியதும் இதுவே. ஆகவே நம்மவர் வீடுகளில் நிற்கும் பழைய சிறிய டீசல் கார்களில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

2023 மழைக்காலத்தின் முடிவில் ஒரு நாள், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்போது கோஸ்ரீ பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது. மூன்றாவது கியரில் ஏற வேண்டிய இடத்தில் முதல் கியருக்கு வரவேண்டியதாயிற்று. பின்னால் கறும்புகை, அதற்கும் பின்னால் ஹாரன் அடித்தபடி ஒரு கன்டெய்னர் டிரெய்லர். 2011-இல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்ட பிறகு எங்கள் தீவுச் சாலைகளில் இவற்றுக்குக் குறைவில்லை. அன்று அம்மாவின் கை என் தோளைப் பிடித்திருந்ததை நான் மறக்கவில்லை.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போயி சாரே, 40,000 ஆகும்" என்றனர். மறு ஆண்டு வண்டிக்கு 15 வயது நிறைந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவும் முன்னே நின்றது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் வேறொரு யோசனை சொன்னான். "அப்பா, எப்படியும் செலவு பண்ணப்போறோம். பெரிய டர்போவா போட்டு, கம்ப்யூட்டரையும் ரீமேப் பண்ணிடலாம்."

"முதல்ல கெட்டது எதுன்னு பாப்போம்டா" என்றேன்.

டர்போ செய்வது என்ன?

இன்ஜின் டீசலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. அதிகக் காற்று கிடைத்தால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இது. இன்று சென்னைக்குத் தெற்கே பையனூரிலும் டர்போக்கள் தயாராகின்றன.

சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதனைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. டர்போ கெடுவதற்கு முதற்காரணம் அழுக்கு ஆயில் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமல்லவா? அதுபோல் அழுத்திய காற்றும் சூடாகும். அதைக் குளிரவைப்பது இன்டர்கூலர். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டுசெல்பவை ரப்பர் ஹோஸ்கள். நம் கதையின் திருப்பம் இங்கேதான் உள்ளது.

வீட்டில் சோதிக்கும் முறை

முன்னெச்சரிக்கை: இன்ஜின் முழுவதும் ஆறிய பின்பே கை வைக்கவும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். இன்ஜெக்டருக்குச் செல்லும் இரும்புக் குழாய்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

1. புகையின் நிறம்: கறுப்பு என்றால் டீசலுக்கேற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் எரியாத டீசல் அல்லது கூலன்ட். எங்களுக்கு வந்தது கறுப்பு.

2. ஒலி: ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்ற சீறல் வந்தால் காற்று கசிகிறது. சங்கு ஊதுவதுபோல் ஏறி இறங்கும் ஊளை வந்தால் டர்போவையே சந்தேகிக்கலாம். எங்களுக்கு வந்தது சீறல்.

3. தண்டின் ஆட்டம்: ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மெல்ல அசைக்கவும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பே. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இதழ்கள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ கெட்டுவிட்டது. எங்கள் டர்போவில் இரண்டும் இல்லை. குழாயினுள் மெல்லிய ஆயில் பூச்சு இருந்தது, அது இயல்பு. தேங்கி நின்றால்தான் கவலை.

4. காற்றுச் சோதனை: டர்போவின் வாயை ஒரு பி.வி.சி. மூடியால் அடைத்து, கிளிப்பால் இறுக்கி, மூடியில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தினோம். மகன் கால் பம்பால் காற்றடிக்க, நான் ஹோஸ்களின் மீது சோப்பு நீர் தடவினேன். அரை பாருக்கு மேல் ஏற்றக் கூடாது. மூடி தெறிக்கலாம், நேர் எதிரே நிற்காதீர்கள்.

இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸின் அடிப்பக்கத்தில் குமிழிகள் கிளம்பின. கிளிப் பதியும் இடத்தில், ஒரு விரல் நகத்தின் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும்.

கறும்புகையின் காரணம்

ஏர் ஃபில்டரை அடுத்துள்ள சென்சார் உள்ளே வரும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்ப டீசல் பாய்கிறது. ஆனால் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. பத்துப் பேருக்குச் சோறு பொங்கி ஆறு பேரே சாப்பிட வந்தால் என்ன ஆகும்? மிச்சம் வீண். இங்கே அந்த மிச்சம்தான் கறும்புகை.

புதிய ஹோஸ், இரண்டு கிளிப், எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. கூடவே ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றி, ஈ.ஜி.ஆர். வால்வில் படிந்திருந்த கரியையும் துடைத்தோம். மறுநாள் அதே பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினோம். "இது நம்ம வண்டிதானாப்பா?" என்றான் மகன்.

ரீமேப் செய்யலாமா?

அவன் ஆசையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்த வயதில் இருந்தது. ஆனால் சக்தியைக் கூட்டினால் கிளட்ச், பிரேக், டர்போத் தண்டு எல்லாம் கூடுதல் பாரம் சுமக்கும். 15 ஆண்டு உழைத்த உறுப்புகள் அவை. கிழிந்த ஹோஸோடு ரீமேப் செய்திருந்தால், இருக்கும் டர்போவும் பாழாகியிருக்கும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். வேற்று மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு இந்த அலைச்சல் தேவைதானா?

2024-இல் பதிவு புதுப்பிப்புக்குச் சென்றோம். கட்டணம் 5,000 ரூபாய். எங்கள் வயது டீசல் வண்டிக்குப் புகையின் உச்ச அளவு 65 ஹார்ட்ரிட்ஜ், அதற்குள் வந்தது. மேலும் ஐந்தாண்டுக்கு அனுமதி கிடைத்தது.

நினைவில் கொள்க

- ஆயிலை உரிய காலத்தில், உரிய தரத்தில் மாற்றுக.
- நெடுந்தூரம் ஓட்டிவந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு அணைக்கவும்.
- ஆண்டுக்கொருமுறை ஹோஸ்களை அமுக்கிப் பார்க்கவும்.
- சோதிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்; இழந்த சக்தியை மீட்காமல் புதிய சக்தியைத் தேடாதீர்கள்.

மாணவர்களுக்கு இரு வினாக்கள்

1. அழுத்திய காற்றைக் குளிரவைத்தால் இன்ஜினுக்கு என்ன நன்மை?
2. ஓட்டை ஏர் ஃபில்டருக்கும் சென்சாருக்கும் இடையே இருந்தால் கறும்புகை வருமா? காரணம் கூறுக.

விடையை வரும் கூட்டத்தில் என்னிடம் நேரில் சொல்லலாம். வைப்பினிலிருந்து ரோ-ரோ படகில் அதே வண்டியில்தான் வருவேன்.