இறால்மேல் விழுந்த பழி

இரண்டாம் ஆண்டுத் தேர்வு வாரத்தில் என் கழுத்தெல்லாம் அரிப்பும் தடிப்பும். "இறால் சாப்பிட்டிருப்பே" என்றார் அம்மா. இறாலை நிறுத்தினேன், அரிப்பு நிற்கவில்லை. தோல் மருத்துவர் என் முதுகில் சிறு சிறு ஒட்டுகளை இரண்டு நாள் ஒட்டிவைத்துச் சோதித்தார். காரணம், மூன்றாண்டுகளாக நான் பூசிவந்த வாசனைத் திரவியம்!

இத்தனை நாள் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன்? இவ்வகை ஒவ்வாமை பழகப் பழகத்தான் வருமாம். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு பொருளைப் பகையென்று பதிந்துகொண்டால், பெரும்பாலும் ஆயுள் முழுதும் மறப்பதில்லை. அரிப்பும் பூசியவுடன் தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தே தோன்றுகிறது. அதற்குள் நாம் எதை எதையோ சாப்பிட்டுவிடுகிறோம், பாவம் இறால்!

இயற்கை எண்ணெய்க்குப் பயமில்லை என்பாரும் உண்டு. கிராம்பிலுள்ள யூஜினாலும் ஒவ்வாமை தரும். லாவெண்டரிலுள்ள லினலூல் காற்றுப்பட்டுப் பழசாகும்போதுதான் தோலுக்குக் கூடுதல் பகையாகிறது. திறந்து நாள்பட்ட குப்பிகளை வீசிவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய 26 பொருள்களின் பெயர்களை உறையில் குறிக்க வேண்டுமென 2003இல் விதித்தது; 2023இல் அப்பட்டியல் 80ஐத் தாண்டியது. என் குப்பியிலோ 'பர்ஃபியூம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. 'அன்சென்டட்' என்று எழுதியிருந்தாலும் ஏமாறாதீர்கள், தோழர்களே. மூலப்பொருளின் வாடையை மறைக்க அதிலும் மணம் சேர்ப்பதுண்டு. நான் இப்போது 'ஃபிராக்ரன்ஸ் ஃபிரீ' என்றிருப்பதையே தேடி வாங்குகிறேன். இறாலும் சாப்பிடுகிறேன்.